நோட்டை மூடிவிட்டுப் படியுங்கள்

கேள்வி: தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, இப்போது கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். ஆங்கில வகுப்பில் வாரந்தோறும் 40 சொற்கள் கொடுத்து வெள்ளிக்கிழமை தேர்வு வைக்கிறார்கள். வியாழன் இரவு ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதிப் பார்த்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறேன். ஆனால் அடுத்த வாரமே பாதிக்கு மேல் மறந்துபோகிறது. என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: ஒரே இரவில் படித்தது விரைவில் மறந்துபோவது எல்லோருக்கும் நேர்வதுதான். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம் நினைவாற்றலையே சோதித்து, 1885இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பதையும், ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட நாள் இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கிறது என்பதையும் அவர் கண்டார். ஆகவே 40 சொற்களையும் திங்கள் முதலே நாளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்து முறை பார்த்து எழுதும்போது கைதான் உழைக்கிறது. நோட்டை மூடிவிட்டுப் பொருளை நீங்களே சொல்ல முயலும்போதுதான் நினைவு உழைக்கிறது. சொல் உடனே வராமல் தடுமாறும் அந்தச் சில நொடிகளை வீண் என்று எண்ணாதீர்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்றுண்டு. ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தமிழில் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது. 'அடி' என்பதற்கு 'தாக்கு' என்ற பொருளை மட்டும் கற்ற வெளிநாட்டவர், வெயில் எப்படி அடிக்கும் என்று திகைப்பார் அல்லவா? நமக்கும் ஆங்கிலத்தில் அதே இடர்ப்பாடு நேர்கிறது. வீட்டுப்பாடத்தையும் செய்கிறோம், தவறையும் செய்கிறோம் என்பதால், 'டூ ஹோம்வொர்க்' என்று சரியாகச் சொல்லும் மாணவர்கள் 'டூ எ மிஸ்டேக்' என்றும் எழுதிவிடுகிறார்கள். அங்கே வரவேண்டியது 'மேக்'. எனவே 'மிஸ்டேக் – தவறு' என்று எழுதாமல், 'மேக் எ மிஸ்டேக்' என்ற தொடரையே எழுதி, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியமும் அமைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி, ஒரு செருப்புப் பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்து வையுங்கள். ஜெர்மானிய இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறை இது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறியது முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை இரண்டு நாளுக்கொருமுறை, பின்னுள்ளவற்றை இன்னும் நீண்ட இடைவெளியில் பாருங்கள். வெள்ளிக்கிழமைத் தேர்வு முடிந்ததும் அட்டைகளைக் கட்டி வைத்துவிடாமல், அன்று தவறவிட்ட சொற்களைச் சனிக்கிழமை காலையிலேயே முதல் அறையிலிருந்து எடுத்துப் பாருங்கள்.