ஏற்காடு சைக்கிள் பந்தயம்: நேரலைச் செலவை எங்கே குறைப்பது?

கேள்வி: சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேற்றச் சைக்கிள் பந்தயம் நடத்துகிறோம். ஆறு கேமராக்களுடன் முழு நேரலைக்கு 2 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். சென்ற முறை பார்த்தவர்கள் சில நூறு பேர்தான். இது நியாயமா?

பதில்: ஆறு கேமராவுக்கு அந்தத் தொகை நியாயமாகவே இருக்கலாம், ஆனால் உங்களுக்கு ஆறு கேமரா தேவையில்லை. நூறு பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் ஒளிப்பதிவாளர் சம்பளம், கேமரா வாடகை, வண்டி, பேட்டா எதுவும் குறையாது. கிரிக்கெட் அதை விளம்பரத்தில் மீட்டுவிடும். சிறிய விளையாட்டுகளுக்கு அந்த வழி இல்லை. அதிலும் கபடி ஒரே ஆடுகளத்தில் முடிந்துவிடும், உங்கள் பந்தயமோ மலைச்சாலை நெடுக நீள்கிறது.

இங்கே பணத்தை விழுங்குவது நகரும் வண்டியிலிருந்து நேரலை அனுப்புவதுதான். பல நிறுவனங்களின் சிம்களை ஒருங்கே பயன்படுத்தும் கருவியை வாடகைக்கு எடுத்தாலும், 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த நிறுவனத்தின் சிக்னலும் எட்டாத இடத்தில் அதனாலும் பயனில்லை.

ஆகவே முடிவுக்கோட்டை மட்டும் இரண்டு கேமராக்களில் நேரலையாகக் காட்டுங்கள். வளைவுகளில் ஒரு பைக் கேமரா பதிவு செய்யட்டும். அதை மறுநாள் பத்து நிமிடத் தொகுப்பாக வெளியிடலாம். விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் மணிக்கு ஏறத்தாழ 2.25 ஜிபி ஆகும். டேட்டா செலவு அற்பம், இணைப்பு அறாமல் நிற்பதே முக்கியம். முடிவுக்கோட்டுக்கு அருகிலுள்ள விடுதியில் கம்பிவழி பிராட்பேண்டைக் கேட்டு வாங்குங்கள். அதை முந்தைய ஞாயிறன்று, பந்தயம் முடியும் அதே நேரத்தில் சோதியுங்கள். சுற்றுலாக் கூட்டம் நிறைந்த நாளில் இணைப்பு எப்படி இருக்கும் என்பது வார நாள் சோதனையில் தெரியாது.

மிச்சமாகும் பணத்தில் வீரர்களைப் பெயர் சொல்லி அறிந்த வர்ணனையாளர் ஒருவரையும், நேரக்கணக்கைத் திரையில் உடனுக்குடன் காட்டும் ஒருவரையும் அமர்த்துங்கள். யார் முந்துகிறார், எத்தனை விநாடி இடைவெளி என்று தெரியாவிட்டால் எத்தனை கேமரா இருந்தும் பந்தயம் புரியாது. உங்கள் பார்வையாளர்களில் பெரும்பாலோர் வீரர்களின் குடும்பத்தாரும் கிளப் நண்பர்களுமாகவே இருப்பார்கள். தம் பிள்ளை எத்தனையாவதாக வருகிறான் என்பதற்காகவே அவர்கள் காத்திருப்பார்கள்.

ட்ரோனை ஆசைக்காகச் சேர்க்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால், இயக்குபவரிடம் 2021 ட்ரோன் விதிகளின்படி உரிய சான்றிதழ் உள்ளதா என்று பாருங்கள். விலைப்புள்ளியில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்துள்ளதா என்பதையும், வெட்டாத மூலப் பதிவுகள் உங்களுக்கே வந்து சேரும் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.