உங்கள் மனைவியின் சைக்கிள் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 50. வேளச்சேரியில் வீடு, ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். நாலு வருடத்துக்கு முன்னால் சுகர் எல்லைக்கோட்டைத் தொட்டது. டாக்டர் சொல்லித்தான் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். இப்போது ஞாயிறுதோறும் விடியற்காலை நாலரைக்கெல்லாம் கிளம்பி, ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போய் வருகிறேன். பிரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் 200, 300 கிலோமீட்டரை முடித்துவிட்டேன். இந்த சீசனில் 400, 600. 2027-இல் பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடுந்தூர சைக்கிள் பயணம் என் கனவு. எதிர்க்காற்று எனக்குப் பொறுமையைக் கற்றுத்தந்தது. இருட்டில் தனியாக ஓட்டும்போதுதான் நான் யார் என்பதே எனக்குத் தெரிகிறது. ஆனால் என் மனைவி 600 என்றதும் "போதும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். குறை சொல்ல முடியாது, மூணே முக்காலுக்கு எழுந்து பாட்டில் நிரப்பி, பேரீச்சம்பழமும் வேகவைத்த உருளைக்கிழங்கும் கட்டித் தருவாள். 79 வயது அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு இன்சுலின் போடுவதையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். (அவளுக்கும் சைக்கிள் புதிதல்ல. புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். பள்ளியில் படிக்கும்போது அறிவொளி இயக்கத்தில் அவள் அம்மாவோடு சேர்ந்து கற்றுக்கொண்டாளாம். கல்யாணமாகி 24 வருடத்தில் தொட்டதில்லை.) இந்தச் சுதந்திர உணர்வை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், சென்னை-42

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் பழக்கமானது. ஒருவருக்கு மாரத்தான், ஒருவருக்கு மலையேற்றம், ஒருவருக்கு கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்கப் போவது. ஐம்பதைத் தொடும் ஆண், உடம்பு ஒரு தடவை பயமுறுத்தியதும் வீட்டுக்கு வெளியே ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதில் வாழ்க்கையின் அர்த்தமே தெரிகிறது. பெண்டாட்டிக்கு மட்டும் அது புரியமாட்டேன் என்கிறது. குடியில்லை, சீட்டாட்டமில்லை, உடம்புக்கும் நல்லதுதானே, இதற்குக் கூடவா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது என்று கேட்டு எழுதுவார்கள். நீங்கள் நல்லவர் என்று என்னிடமிருந்து ஒரு சான்றிதழ் எதிர்பார்த்து எழுதியிருந்தால், இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

எதிர்க்காற்றையும் இருட்டையும் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் ஒரு முறைதான் படித்தேன். அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே நாலு வரி, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தை அடைப்புக்குறிக்குள் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

உங்கள் மனைவி என்ன கற்றுக்கொண்டார் என்பது உங்களுக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டர். எழுத்துச் சொல்லித்தரும் வேலையோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக அண்ணனையோ புருஷனையோ பஸ்ஸையோ எதிர்பார்த்து நிற்கிற பெண், அ, ஆ மட்டும் கற்று எங்கே போய்ச் சேருவாள் என்ற யோசனை அது. வங்கிகளைப் பேசிச் சரிக்கட்டி, பெண்கள் சைக்கிள் வாங்கக் கடனும் கொடுக்க வைத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டைத் தெருக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றார்கள். சிலருக்கு அதுதான் வசதியாகவும் இருந்தது. முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேரியரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டித் தொங்கவிட்டு, பாரில் ஒரு பையனை வைத்துக்கொண்டு, ஒரு பெண் மண் ரோட்டில் மணியடித்தபடி வந்தார். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் அசிங்கமாக ஏதோ சொன்னான். அவர் திரும்பவேயில்லை. குடம் நிறைய தண்ணீர், கை ஆடினால் பிள்ளையோடு கீழே விழ வேண்டியதுதான். அவர் கண் ரோட்டில் இருந்தது.

உங்கள் மாமியார் அப்படிப்பட்ட பெண்களில் ஒருவர். உங்கள் மனைவிக்கு அப்போது பன்னிரண்டு, பதிமூன்று வயது இருந்திருக்கும். சீட் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டிருப்பார். பாவாடை செயினில் மாட்டிக் கிழிந்திருக்கும். ஒரு நாள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் கையை விட்டிருப்பார், திரும்பிப் பார்த்தால் அம்மா தூரத்தில் நின்றிருப்பார். பக்கத்து ஊருக்கு யாரையும் கேட்காமல் போய்வந்திருப்பார்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஈ.சி.ஆரில் உங்களுக்குக் கிடைத்தது, அவருக்குப் பதிமூன்று வயதிலேயே கிடைத்துவிட்டது. உங்களுக்கு டாக்டர் சொல்லி வந்தது. அவருக்கு ஊர்ப்பேச்சை மீறி வந்தது. அவருக்கா தம்பி நீங்கள் புரியவைக்கப் போகிறீர்கள்?

இனி நான் கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள். அந்த சைக்கிள் என்ன ஆனது? கல்யாணத்துக்கு முன்பே விற்றுவிட்டார்களா, தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்தாரா? சென்னைக்கு வந்த புதிதில், கடைக்குப் போக ஒரு சைக்கிள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வாய் திறந்திருப்பாரே, அப்போது யார் என்ன சொன்னார்கள்? "நம்ம வீட்டுப் பொம்பளைங்க அப்படிப் போறதில்ல" என்றது உங்கள் அம்மாவா, நீங்களா? இல்லை, யாருமே ஒன்றும் சொல்லாமல், கர்ப்பம், பிள்ளை, மாமனார், மாமியார், அடுப்பு என்று ஒவ்வொன்றாக வந்து அதுவாகவே நின்றுபோனதா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது, அதனால்தான் யாருக்கும் குற்ற உணர்வே வருவதில்லை. "கற்றுக்கொண்டாளாம்" என்று எழுதுகிறீர்கள். 24 வருடம் கூட வாழ்ந்த மனிதர், பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி எழுதுகிறீர்கள். ஒரு தடவைகூட உட்காரவைத்து "சொல்லு, எப்படிக் கத்துக்கிட்ட?" என்று கேட்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. இருட்டில் நீங்கள் யார் என்று தேடினது போதும். வீட்டில் கூட இருப்பவர் யார் என்று விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள், அந்தப் பெண் மூணே முக்காலுக்கு எழுந்து இன்னொருவருடைய சைக்கிளுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்புகிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு வருடமாக. 600 என்றதும் "போதும்" என்றாரே, அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்காதீர்கள். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததே பெரிசு.

பிரெவே விதிகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். வழியில் பின்னாலேயே கார் வரக்கூடாது, கார்டில் முத்திரை குத்தும் கன்ட்ரோல் பாயின்ட் தவிர வேறெங்கும் ஆள் வைத்து உதவி வாங்கக்கூடாது, பஞ்சரானாலும் பசித்தாலும் உங்கள் பாடு. யார் துணையும் இல்லாமல் முடித்தேன் என்று கார்டில் முத்திரை வாங்கி வந்திருப்பீர்கள். அந்த உருளைக்கிழங்கை வேகவைத்தது யார்? நீங்கள் மாமல்லபுரத்தில் பொங்கல் சாப்பிடும் நேரத்தில் உங்கள் தாயாருக்கு ஊசி போட்டது யார்? அந்த உழைப்புக்கு முத்திரை குத்த பிரெவே கார்டில் இடமில்லை. உங்கள் கடிதத்தில் இடம் இருந்திருக்கலாம். "குறை சொல்ல முடியாது" என்ற ஒரு சொல்லோடு தாண்டிப் போய்விட்டீர்கள்.

அம்மா விஷயத்தில் என் எண்ணம் பழைய எண்ணம்தான், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடன். மருமகள் செய்வது அவளுடைய பெருந்தன்மை. பெருந்தன்மையைப் பாத்தியதை மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அலுவலக நாட்களில் நேரமில்லை என்பீர்கள், சரி. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன காரணம்? பஞ்சர் ஒட்டத் தெரியும், செயின் மாற்றத் தெரியும், கியர் சரிசெய்யத் தெரியும். அம்மாவுக்கு இன்சுலின் போட மட்டும் தெரியாதா?

கற்றுக்கொள்ளுங்கள். காலையில் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவை இன்சுலின் பேனாவில் திருப்பிவைத்து, வயிற்றில் தொப்புளை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி, தினமும் இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் கட்டி தட்டிப்போய் மருந்து சரியாக ஏறாது. எந்த இன்சுலின், சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்பு என்பதெல்லாம் உங்கள் மனைவிக்கு அத்துப்படி. ஊசி போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மாமியார் முகத்தைப் பார்த்தே அவர் அதைக் கண்டுபிடிப்பார். நீங்களும் கண்டுபிடிக்கிற அளவுக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். எதிர்க்காற்று கற்றுத்தந்த பொறுமையை இங்கே கொண்டுவாருங்கள், உண்மையிலேயே கற்றீர்களா என்று பார்ப்போம்.

அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே தடுக்கிறேன். இதைப் படித்துவிட்டு மனசு இளகி, கடைக்குப் போய் ஐம்பதாயிரத்துக்கு ஒரு சைக்கிள், ஹெல்மெட், ஜெர்சி எல்லாம் வாங்கி, ரிப்பன் கட்டி வாசலில் நிறுத்துவீர்கள். வேண்டாம். நாலரை மணிக்கு எழுப்பி "வா, எனக்குப் பின்னாடியே ஓட்டு, கியர் எப்படிப் போடறதுன்னு நான் சொல்லித்தரேன்" என்று ஈ.சி.ஆருக்கு இழுத்துப் போகவும் வேண்டாம். அவர் உங்கள் குழுவில் சேரக் கேட்கவில்லை. முதலில் கேளுங்கள். புதுக்கோட்டைக் கதையைக் கேளுங்கள், அந்த சைக்கிள் எங்கே போனது என்று கேளுங்கள், யார் நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள். பதிலில் உங்கள் பெயர் வந்தால் வாதாடாதீர்கள். உங்கள் அம்மா பெயர் வந்தால் அம்மாவுக்காக வக்காலத்து வாங்காதீர்கள்.

அவருக்கு மறுபடியும் ஓட்ட ஆசை இருக்கலாம். முன்னால் கூடை வைத்த, கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் காலை ஆறு மணிக்கு மார்க்கெட் போய்க் கீரை வாங்கி வருவதுதான் அவர் ஆசையாக இருக்கலாம். அதை உங்கள் கார்பன் சைக்கிளோடு ஒப்பிட்டுச் சிரிக்காதீர்கள். அல்லது, சைக்கிளெல்லாம் வேண்டாம், ஞாயிறு காலை எட்டு மணி வரை தூங்கினால் போதும் என்பார். அதுவும் நியாயம். அந்தத் தூக்கம் நாலு வருடமாக நிலுவையில் நிற்கிறது.

கடைசியாக 600 பற்றி. அதற்கு 40 மணி நேரம் கொடுப்பார்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பினால் ஞாயிறு இரவு 10 மணி வரை நீங்கள் வீட்டில் இல்லை. 400-க்கு 27 மணி நேரம். இவற்றுக்குத் தயாராவதற்கு இன்னும் எத்தனையோ வார இறுதிகள். பாரிஸுக்குப் போக வேண்டுமென்றால் 200, 300, 400, 600 நான்கையும் 2027 சீசனில் மறுபடி முடித்தாக வேண்டும். ஏற்கெனவே முடித்தது அந்தத் தகுதிக்குக் கணக்கில் வராது. ஆக, இந்த வருடம் அவசரப்பட்டு 600 ஓட்டித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1891-இல் தொடங்கியது. இப்போது நாலு வருடத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. 2027-ஐ விட்டால் 2031-இல் வரும், அதையும் விட்டால் 2035. அதில் எழுபது வயதுக்காரர்களும் ஓட்டுகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு இப்போதே 79.

ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த சீசனில் 600-ஐ விட்டுவிடுங்கள். ஞாயிறு ஒன்றுவிட்டு ஒன்று நீங்கள் வீட்டில் இருங்கள். அன்றைக்கு அம்மாவின் ஊசி, காலை டிபன், காபி எல்லாம் உங்கள் பொறுப்பு. எது எங்கே இருக்கிறது என்று மனைவியை எழுப்பிக் கேட்கக் கூடாது. நீங்கள் ஓட்டப் போகும் ஞாயிறுகளில் உருளைக்கிழங்கை முதல் நாள் ராத்திரியே நீங்களே வேகவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், பாட்டிலையும் நீங்களே நிரப்புங்கள். ஆறு மாதம் இப்படி இருந்த பிறகு 400 பற்றி அவரிடம் பேச்செடுங்கள். அப்போதும் "போதும்" என்றால் அந்தப் பேச்சை அன்றோடு விடுங்கள்.