குஞ்சு குளுவான் வசவு இல்லை

தங்கச்சி, காரைக்குடி மாமியார் போனில் "குஞ்சு குளுவானையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்துருங்க"ன்னு சொன்னதை, பிள்ளைகளை மட்டம் தட்டினதா எடுத்துக்கிட்டீங்க. இல்லவே இல்லை. ஒண்ணு விடாம எல்லாப் பொடிசும் வரணும்னு அர்த்தம்.

தேவகோட்டையில எங்க வீட்டு விசேஷத்துல, "முதல்ல குஞ்சு குளுவானை உக்கார வைங்க"ன்னு வளவுல, அதாவது வீட்டு உள்முற்றத்துல, குரல் கேட்டதும், பத்து வயசுக்குக் கீழ உள்ளதெல்லாம் இலைக்கு முன்னால ஆஜர். வெள்ளைப் பணியாரம் தீர்ந்துட்டா என்ன செய்யிறது!

கூட்டமா இருந்தாத்தான் இந்தச் சொல். ஒத்தைப் பிள்ளையைக் "குளுவான்"னு கூப்பிட மாட்டோம். விசேஷ அழைப்புப் பத்திரிகையிலயும் அடிக்க மாட்டோம்.

குஞ்சுங்கிறது உறுத்துதா? நாம வாய் நிறையச் சொல்ற "பிள்ளை"யையே தொல்காப்பிய மரபியல் பறவைக் குஞ்சுக்கும் சொல்லுது. அணில்பிள்ளை, கீரிப்பிள்ளை, ஏன், தென்னம்பிள்ளைகூட இருக்கே.

ஆனா "குஞ்சு குளுவானெல்லாம் எனக்குப் புத்தி சொல்ல வந்துருச்சு"ன்னா அது குத்தல்தான். அது பெரும்பாலும் மீசை முளைச்சவங்களுக்கு விழுறது.