முதல் ஆசியர் ராகேஷ் சர்மாவா, யாங் லிவெய்யா?

வணக்கம். உங்கள் மகள் பேச்சுப் போட்டி உரையில் ‘விண்வெளிக்குப் போன முதல் ஆசியர் ராகேஷ் சர்மா’ என்று எழுத, ஆசிரியர் அதைச் சீனாவின் யாங் லிவெய் என்று திருத்தியிருக்கிறார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரியில்லைங்க.

சோவியத் ஒன்றியத்தின் ஆசியப் பகுதியில் பிறந்த வீரர்களைத் தனியே வைத்துவிட்டால், முதலில் போனவர் வியட்நாமின் ஃபாம் துவான். 1980 ஜூலை, சோயுஸ் 37. போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆன நாடு அது. விண்வெளியில் அவர் செய்த சோதனைகளில் ஒன்று, நீரில் மிதக்கும் சிறு செடியான அசோலாவை வளர்ப்பது. நம் ஊரில் நெல்வயலில் விடுகிறோமே, மாட்டுக்குப் போடுகிறோமே, அதேதான்! படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

1981-இல் மங்கோலியாவின் குர்ரக்சா. அதன் பிறகே, 1984 ஏப்ரலில் நம் சர்மா. மூவரும் போனது சோவியத் கலங்களில்.

ஆசிரியர் மனதில் இருந்தது வேறு பெருமை: சொந்த ராக்கெட், சொந்தக் கலம். அதை ஆசியாவில் முதலில் சாதித்தது சீனாதான். 2003 அக்டோபர் 15-இல் யாங் லிவெய் ஷென்சோ 5-இல் ஏறி, 21 மணி நேரத்தில் பூமியை 14 முறை சுற்றினார். கலத்துக்குள் சீனக் கொடியோடு ஐ.நா. கொடியையும் விரித்துக் காட்டினார். இந்தியாவுக்கு அந்தப் பெருமையைத் தரவேண்டியது, சொந்தக் கலத்தில் வீரர்களை அனுப்பும் நம் ககன்யான் திட்டம். 2025-இல் நம் வீரர் சுபான்ஷு சுக்லா போனதும் அமெரிக்கக் கலத்தில்தான்.

அதனால் ‘விண்வெளிக்குப் போன முதல் இந்தியர்’ என்று மாற்றச் சொல்லுங்கள். உரையை அசோலாவில் தொடங்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.