டார்க்ரூம் தெர்மாமீட்டர் கேள்வி பதில்

சார், ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் ஒன்றிலேயே விட்டால் ஒரு தெர்மாமீட்டர் 20 டிகிரி காட்டுகிறது, இன்னொன்று 21.5. எதை நம்புவது?

இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். ஐஸில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பேட்டரி வாட்டரை (காய்ச்சி வடித்த தண்ணீர், ஆசிட் அல்ல) உறையவைத்து, துணியில் சுற்றி நன்றாகப் பொடித்து, ஒரு பிளாஸ்க் நிறையப் போடுங்கள். அதே தண்ணீரை இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்: தண்ணீர் கூடி ஐஸ் மேலே மிதந்தால் அடியில் 4 டிகிரி வரை இருக்கும். குமிழ் அடியிலோ பக்கத்திலோ படாமல் நடுவில் நிற்கட்டும். ஐந்து நிமிடம் அவ்வப்போது கிளறிவிட்டு, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். 0.8 காட்டினால், 0.8 கூடுதலாகக் காட்டுகிறது என்று டேப்பில் எழுதி அதிலேயே ஒட்டிவிடுங்கள்.

ஐஸில் சரியாக இருந்தால் 20-லும் சரியாகத்தானே இருக்கும்?

அப்படிச் சொல்ல முடியாது. குழாயின் துளை சீராக இல்லையென்றால் போகப்போகப் பிழை மாறும். மேலே இன்னொரு புள்ளி வேண்டும். அதற்கு மருந்துக் கடையில் விற்கும் காய்ச்சல் தெர்மாமீட்டரே போதும், நல்லதென்றால் 0.1 டிகிரிக்குள் நிற்கும். 38 டிகிரி வெந்நீரில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். ஐஸில் 1 டிகிரி குறைவு, 38-ல் சரி என்றால், 20-ல் அரை டிகிரி போலக் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கொடைக்கானலில் இருக்கிறேன். கொதிக்கும் நீரில் 93-தான் காட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, அது சரியாகத்தான் சொல்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும். 50 டிகிரியோடு முடியும் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விட்டுவிடாதீர்கள், வெடிக்கும்.

அண்ணா, கருப்பு வெள்ளைக்கு இவ்வளவு துல்லியம் தேவையா?

உண்மையைச் சொன்னால், தேவையில்லை. அரை டிகிரி தப்பாகக் காட்டினாலும் ஒவ்வொரு முறையும் அதே தப்பைக் காட்டினால் போதும். உங்கள் நெகட்டிவைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்வீர்கள். கலர் ஃபிலிமுக்கு இந்தச் சலுகை கிடையாது. கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி, கூடக் குறைய 0.15-தான், நேரமோ வெறும் 3 நிமிடம் 15 விநாடி. அதனால் கலர் செய்பவர்கள் 38-ல் ஒப்பிடுவதைத் தவிர்க்கவே கூடாது.

சென்னையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி. 20-க்கு எப்படி இறக்குவது?

இறக்கியே ஆக வேண்டுமா என்ன? கருப்பு வெள்ளை என்றால் 24-ல் செய்யுங்கள். 20-ல் 10 நிமிடம் என்றால் 24-ல் ஏறத்தாழ 7 நிமிடம். 5 நிமிடத்துக்குக் கீழே மட்டும் போக வேண்டாம், திட்டுத்திட்டாக வரும். ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்சர் (படத்தை நிலைநிறுத்துவது), கழுவும் தண்ணீர் எல்லாம் டெவலப்பரின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சிவப்புத் திரவம் நடுவில் அறுந்து நிற்கிறது. தூக்கிப் போடவா?

பொறுங்கள். குமிழை ஐஸும் உப்பும் கலந்த கலவையில் நிறுத்தி வைத்தால் திரவம் கீழே இறங்கிச் சேரும். சேர்ந்ததும் மறுபடி ஐஸ் சோதனை செய்யுங்கள், பழைய டேப்பைக் கிழித்துவிட்டு.