2016ல கொசு மூலமா ஜிகா வைரஸ் பரவுனப்போ அமெரிக்க காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) பணம் ஒதுக்க ஏன் அவ்வளவு மாசம் இழுத்தடிச்சாங்க? கடைசில அந்தப் பணத்தால பிரயோஜனம் இருந்துச்சா?

பணம் வந்துச்சு, ஆனா கொசு சீசன் முடியப்போற நேரத்துல வந்துச்சு. அதனால பாதிப் பிரயோஜனம்தான்னு சொல்லுவேன். பத்தி நீளமாப் போகும், பொறுமையாப் படிங்க.

பிப்ரவரி 1ம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவிச்சுது, அம்மாவுக்கு கர்ப்பத்துல ஜிகா வந்து பிரேசில்ல தலை சிறுத்துப் பிறந்த குழந்தைங்க விஷயம் அப்போ எல்லா நியூஸ்லயும் ஓடிட்டு இருந்துச்சு. அடுத்த வாரமே ஒபாமா காங்கிரஸ்கிட்ட பணம் கேக்கப்போறேன்னு சொல்லிட்டார், முறைப்படி கேட்டது சுமாரா 190 கோடி டாலர். காங்கிரஸ்ல பெரும்பான்மையா இருந்த ரிபப்ளிகன் கட்சிக்காரங்க என்ன சொன்னாங்கன்னா எபோலாவுக்கு குடுத்ததுல இன்னும் செலவாகாம பணம் கிடக்கே, முதல்ல அத எடுத்து செலவு பண்ணுங்கன்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கும். சரின்னு ஒபாமா அரசு ஏப்ரல்ல 58.9 கோடி டாலரை ஜிகா பக்கம் திருப்பி விட்டாங்க, அதுல பெரும்பகுதி எபோலா பணம், ஆனா அதுலயே 4.4 கோடி மாநிலங்களோட சுகாதாரத் துறைக்கு அவசர காலத்துக்குன்னு போய்க்கிட்டிருந்த பணம். அதாவது ஃப்ளோரிடா மாதிரி இடத்துல ஜிகாவை சமாளிக்க வேண்டிய அதே ஆளுங்களோட பணத்தை எடுத்து ஜிகாவுக்கு குடுக்கறாங்க! இந்தக் கூத்தை என்னன்னு சொல்ல.

காங்கிரஸ்ல செனட், ஹவுஸ்னு ரெண்டு சபை. மே மாசம் செனட் 110 கோடினு ஒரு பில் பாஸ் பண்ணுச்சு, ஹவுஸ் 62.2 கோடினு வேற ஒண்ணு. ரெண்டையும் சேர்த்து ஜூன்ல வந்த பில்லுல தொகை அதே 110 கோடிதான், ஆனா கூடவே வால் மாதிரி ஏகப்பட்டது தொங்குச்சு: அமெரிக்காவுக்குச் சொந்தமான கரீபியன் தீவு போர்ட்டோ ரிக்கோல குடும்பக் கட்டுப்பாடு சேவை குடுக்கற அமைப்புக்கு இந்தப் பணம் போகக்கூடாது, தண்ணி பக்கத்துல பூச்சி மருந்து அடிக்கற பெர்மிட் விதியைத் தளர்த்தணும், இது போதாதுன்னு ராணுவ வீரர்கள் கல்லறையில கான்ஃபெடரேட் கொடி (உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போன தென் மாநிலங்களோட கொடி) பத்தின சண்டை வேற. ஜிகா உடலுறவு மூலமாவும் பரவும், கர்ப்பத்துலதான் ஆபத்தே, அப்படி இருக்க கருத்தடை வசதியில கை வெச்சா ஒபாமா கட்சியான டெமாக்ரட்ஸ் சும்மா விடுவாங்களா, பில்லைத் தடுத்துட்டாங்க. ஜூலைல எல்லாரும் ஏழு வாரம் லீவுல கிளம்பிட்டாங்க. ஒரு கட்சியைத்தான் திட்டணும்னு இல்ல, அப்போ ஃப்ளோரிடா செனட்டரா இருந்த மார்கோ ரூபியோ ரிபப்ளிகன்தான், அவர் முழுத் தொகையையும் குடுங்கன்னு பேசிட்டு இருந்தார், தன் ஊர்ல கொசு கடிச்சா கட்சி தெரியாது போல.

லீவு விட்டு ரெண்டு வாரம்தான் இருக்கும், ஜூலை 29ம் தேதி மியாமி வின்வுட் ஏரியால உள்ளூர்க் கொசு மூலமாவே ஜிகா பரவுதுன்னு உறுதியாச்சு. நாங்க அப்போ மியாமிக்கு வடக்க ப்ரோவர்ட் கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருந்தோம், என் வொய்ஃப் மாசமா இருந்தா. கர்ப்பிணிகளுக்கு ஃப்ரீ டெஸ்ட்னு மாநில அரசு அறிவிச்சுது, போய் ரத்தம் குடுத்துட்டு வந்தோம், ரிசல்ட் வரவே இல்ல, வாரக்கணக்கா ஆச்சு. ஃபோன் பண்ணா லேப்ல குவிஞ்சு கிடக்குன்னு சொன்னாங்க, பாவம் அந்தப் பொண்ணு மேல கோவப்பட்டு என்ன பண்றது. ஆகஸ்ட் வெயில்ல முழுக்கை சட்டை, உடம்பு பூரா கொசு ஸ்ப்ரே, ஜன்னலைத் திறக்க விடமாட்டா. ரிசல்ட் கடைசில நெகட்டிவ். டிவில காங்கிரஸ் சண்டை ஓடும்போது மத்தவங்களுக்கு அது அரசியல் நியூஸ், எங்களுக்கு லேப்ல ஆள் இருக்கா இல்லையாங்கற கேள்வி.

இப்போ முக்கியமான விஷயம். ஜிகாவைப் பரப்புறது ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்புற அதே கொசுதான். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், பாட்டில் மூடி அளவு தண்ணி இருந்தாலே முட்டை வெச்சுடும், தண்ணி காஞ்சாலும் முட்டை மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். அதனால இத ஒழிக்கற வேலைங்கறது வீடு வீடாப் போய் தண்ணியைக் கொட்டுறது, கொசுப்புழுவுக்கு மருந்து போடறது, இதுக்கெல்லாம் ஆள் எடுத்து பழக்கி கோடைக்கு முன்னாடியே தெருவுல இறக்கணும். அமெரிக்கால கொசு ஒழிப்பு கவுன்ட்டி லெவல்ல நடக்கற வேலை, வசதியான கவுன்ட்டில ஹெலிகாப்டரே இருக்கும், சில கவுன்ட்டில ஒண்ணு ரெண்டு ஆளுதான். பணம் எப்போ வரும்னு தெரியாம எந்த கவுன்ட்டியும் ஆள் எடுக்க மாட்டாங்க.

வின்வுட்ல முதல்ல தரையில இருந்து மருந்து அடிச்சுப் பாத்தாங்க, சரியா வேலைக்கு ஆகல, அப்புறம் விமானத்துல நாலெட்ங்கற பூச்சி மருந்தை அடிச்சு கூடவே கொசுப்புழுவுக்கும் மருந்து போட்ட பிறகுதான் கட்டுப்பட்டுச்சு. செப்டம்பர் 19 அன்னிக்கு வின்வுட் சரியாயிடுச்சுன்னு கவர்னர் அறிவிச்சார். காங்கிரஸ் 110 கோடியை பாஸ் பண்ணது எப்போன்னா செப்டம்பர் 28, ஒபாமா கையெழுத்து 29. ஏழரை மாசம்!

இதை வெச்சு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருக்கார், காங்கிரஸ் பணம் வர்றதுக்கு முன்னாடியே வின்வுட் க்ளியர் ஆயிடுச்சே, அப்போ அந்தப் பணமே தேவையில்லதானேன்னு. அப்படி இல்லங்க. அந்த வேலை நடந்தது மாநிலம் போட்ட பணத்துலயும் (ஃப்ளோரிடா கவர்னர் ரிக் ஸ்காட் ஜூன்லயே 2.62 கோடி டாலர் ஒதுக்கினார்) வேற வேலைல இருந்து உருவின பணத்துலயும்தான். ஆகஸ்ட்ல தடுப்பூசி ஆராய்ச்சி நிக்கப்போகுதுன்னு இன்னொரு 8.1 கோடியை மத்த ஆராய்ச்சி, சுகாதாரத் திட்டங்கள்ல இருந்து எடுத்தாங்க. மியாமி பீச்ல டிசம்பர் வரைக்கும் பரவல் இருந்துச்சு. போர்ட்டோ ரிக்கோ நிலைமை இதை விட பல மடங்கு மோசம்.

ஆனா பணம் இருந்தா எல்லாம் நடந்துடும்னும் சொல்ல முடியாது. போர்ட்டோ ரிக்கோவுக்கு நாலெட் மருந்தை அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி அனுப்பியே வெச்சது, ஜனங்க எங்க தலைமேல விஷம் கொட்டாதீங்கன்னு ரோட்டுல இறங்கிட்டாங்க, கவர்னர் வேணாம்னு திருப்பிட்டார். முன்கூட்டியே உக்காந்து பேசாம அனுப்பினா இப்படித்தான்.

தடுப்பூசி கதையும் கேளுங்க. 2017ல கேஸ் குறைஞ்சதும் அரசு நிதியும் சுருங்குச்சு, சனோஃபி கம்பெனி அந்த வருஷமே விலகிடுச்சு, பரவல் இல்லாம தடுப்பூசி வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணவும் முடியல, இன்னிக்கு வரைக்கும் ஜிகாவுக்கு அனுமதி வாங்கின தடுப்பூசி கிடையாது.

அந்த வருஷம் சிடிசி தலைவரா இருந்த டாம் ஃப்ரீடன் திரும்பத் திரும்ப கேட்டது ஒண்ணுதான், புயல் வெள்ளத்துக்கு பேரிடர் நிவாரண அமைப்பான ஃபீமா கிட்ட முன்னாடியே பணம் இருக்கற மாதிரி நோய்க்கும் ஒரு ஃபண்ட் வைங்க, ஒவ்வொரு தடவையும் காங்கிரஸ் வாசல்ல நிக்க முடியாதுன்னு. 2018ல அப்படி ஒண்ணு ஆரம்பிச்சாங்க, முதல் தொகை 5 கோடி டாலர், அப்புறம் இன்னும் கொஞ்சம் போட்டாங்க. 2020 ஆரம்பத்துல கோவிட் வந்தப்போ அதுல இருந்து 10.5 கோடியை எடுக்க முடிஞ்சுது, அன்னிக்கு யாரும் காங்கிரஸ் ஓட்டுக்காக காத்திருக்கல. சின்னத் தொகைதான், ரொம்ப நாள் தாங்கல.