புனர்வாழ்வு முடித்தவருக்கு வேலை: சான்றிதழ் இல்லையென்றால்?

தங்கச்சி, புனர்வாழ்வு முடித்து வந்த கணவருக்கு வாகனம் திருத்தத் தெரியும், ஆனால் கையில் ஒரு கடதாசியும் இல்லை, கராஜ்காரர் தட்டிக்கழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர் புதிதாக ஒரு வகுப்புக்கும் போகத் தேவையில்லை. முன் அனுபவத்தை வைத்தே என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். நைட்டா எனும் அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வேலையைச் செய்துகாட்டச் சொல்வார், கேள்வி கேட்பார். பரீட்சை என்று பயப்பட ஒன்றுமில்லை; கைப்பழக்கம்தான் பேசும். இப்போது கூலிக்குப் போகும் இடத்தில் ஒரு கடிதமும், வேலை செய்யும்போது எடுத்த படங்களும் சேர்த்து வையுங்கள். முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாருங்கள், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலைய வேண்டாம். சுயவிபரக்கோவையில் புனர்வாழ்வில் இருந்த வருடங்களுக்குப் பொய் எழுத வேண்டாம், யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்! அப்புறம், உங்கள் தையலுக்கும் இதே வழி உண்டு.